பாதையில் இறந்த தொழிலாளிக்கு யார் பதில் சொல்ல வேண்டும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: ரயில் பாதையில் வேலை செய்துகொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் ரயில் மோதி இறந்தால், ஒப்பந்ததாரர் மீது வழக்குப் பதிந்து ஒப்பந்தத்தையும் ரத்து செய்துவிட்டால் ரயில்வே நிர்வாகத்தின் பொறுப்பு தீர்ந்துவிடுமா? தீராது என்றால், பொதுமக்கள் எதை, யாரிடம் கேட்பது?

தீராது. ஏன் தீராது என்பதையும், தீர்ந்துவிட்டது போன்ற தோற்றம் எப்படி உண்டாகிறது என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 நவம்பர் 2 அன்று கேரளத்தின் ஷொர்ணூருக்கு அருகே பாரதப்புழா ஆற்றின் மேல் செல்லும் ரயில் பாலத்தில், தில்லியிலிருந்து திருவனந்தபுரம் நோக்கி வந்த கேரளா எக்ஸ்பிரஸ் மோதி நான்கு தூய்மைப் பணியாளர்கள் இறந்தனர். தண்டவாள ஓரத்துக் குப்பையை அகற்றுவதற்காக ஒப்பந்ததாரர் மூலம் அமர்த்தப்பட்டவர்கள் அவர்கள். சேலம் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர்கள். இரு பெண்கள், இரு ஆண்கள். ஒருவர் ஆற்றில் விழுந்ததால் உடலைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அடுத்து வந்த செய்திகளை வரிசையாகப் படித்தவர்களுக்கு ஒன்று தெளிவாகப் புலப்பட்டிருக்கும். அவர்கள் சாலை வழியாகத் திரும்பியிருக்க வேண்டும், அனுமதியின்றிப் பாலத்தில் நடந்தார்கள் என்று ரயில்வே தரப்பு சொன்னது. ஒப்பந்தம் ரத்தானது. ஒப்பந்ததாரர் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. தமிழக அரசு தலா 3 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. விரைவிலேயே விஷயம் செய்தித்தாள்களிலிருந்து மறைந்தது.

இந்த வரிசையில் கேட்கப்படாமல் போன கேள்விகளைப் பாருங்கள். ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கும் பாதையில் குப்பை எடுக்கச் சென்ற குழுவுக்கு, வண்டி வருவதை முன்கூட்டிச் சொல்ல ஓர் ஆள் நிறுத்தப்பட்டிருந்தாரா? அவர்கள் பாதையில் இருப்பது பக்கத்து நிலையத்தின் நிலைய அதிகாரிக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் எக்ஸ்பிரஸ் வண்டியின் லோகோ பைலட்டுக்கு, எச்சரிக்கையோடு மெதுவாகச் செல்லச் சொல்லும் காஷன் ஆர்டர் கொடுக்கப்பட்டதா? அந்தக் குழுவை மேற்பார்வையிட வேண்டிய ரயில்வே ஊழியர் யார், அவர் அப்போது எங்கே இருந்தார்? பாலத்தில் நடக்கக் கூடாது என்று அவர்களுக்கு அவர்கள் மொழியில் யார், எப்போது சொன்னார்கள்? இவை எவற்றுக்கும் ஒப்பந்ததாரர் தனியாகப் பதில் சொல்லிவிட முடியாது. பாதையின் கால அட்டவணையும், வண்டியை நிறுத்தும் அதிகாரமும், அந்த வழியில் வேலை செய்ய அனுமதிக்கும் அதிகாரமும் ரயில்வேயிடம் மட்டுமே இருக்கின்றன. ஆபத்தின் மீது யாருக்குக் கட்டுப்பாடு இருக்கிறதோ அவரிடம்தான் பொறுப்பும் இருக்க வேண்டும் என்பதே தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் அனைத்துக்கும் அடிப்படை.

இந்தக் கேள்விகள் ஏன் அதிகாரபூர்வமாகக் கேட்கப்படுவதில்லை என்பதற்கான விடை 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்திலேயே இருக்கிறது. அதன் 114-ஆம் பிரிவு, பயணிகள் ரயிலுக்கு விபத்து நேர்ந்து உயிர்ச்சேதமோ படுகாயமோ ஏற்பட்டால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிக்க வேண்டும் என்கிறது. இந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். வண்டியை ஓட்டுபவரே விசாரணையையும் நடத்தக் கூடாது என்ற எண்ணத்தில் சுதந்திரத்துக்கு முன்பே செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் ரயில் பாதையைப் பராமரிக்கும் ஒரு கேங்மேன் மீதோ தூய்மைப் பணியாளர் மீதோ மோதினால், அது 'ரயிலுக்கு நேர்ந்த விபத்து' என்ற கணக்கில் பொதுவாக வருவதில்லை. வண்டி தடம் புரளவில்லை, பயணி எவருக்கும் காயமில்லை, சிறிது தாமதத்துக்குப் பின் வண்டி புறப்பட்டுவிட்டது. ஆகவே விசாரணை ரயில்வே நிர்வாகத்தின் உள்விசாரணையாக மாறிவிடுகிறது. அந்த அறிக்கையைப் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் நிர்ப்பந்திக்கவில்லை. வேறு எந்த விபத்தையும் விசாரிக்கத் தேவை என்று கருதினால் ஆணையர் விசாரிக்கலாம் என்று அதே பிரிவு இடம் கொடுக்கிறது என்பதை மறக்கக் கூடாது. வாசல் இருக்கிறது, தொழிலாளர் மரணங்களுக்காக அது திறக்கப்படுவதுதான் அரிதாக இருக்கிறது.

இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதை அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான உயர்நிலைப் பாதுகாப்பு ஆய்வுக் குழு 2012 பிப்ரவரியில் அளித்த அறிக்கை வெளிக்காட்டியது. 2007-08 முதல் 2011 அக்டோபர் வரையிலான காலத்தில் பணியின்போது இறந்த ரயில்வே ஊழியர்கள் ஏறத்தாழ 1,600 பேர் என்றும், காயமுற்றவர்கள் ஏறத்தாழ 8,700 பேர் என்றும் அக்குழு பதிவு செய்தது. தடம் புரளல், மோதல் போன்ற பெரிய விபத்துகளின் பட்டியலை ஆண்டுதோறும் பார்த்துப் பாதுகாப்பு மேம்பட்டு வருகிறது என்று பேசும்போது, இந்த மரணங்கள் அப்பட்டியலில் இருப்பதில்லை. ரயில்வே வாரியத்திலிருந்து விலகி நிற்கும், சட்டப்படியான அதிகாரம் கொண்ட தனி ரயில்வே பாதுகாப்பு அமைப்பு ஒன்று வேண்டும் என்பது அக்குழுவின் முதன்மையான பரிந்துரைகளில் ஒன்று. பல ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பரிந்துரை அக்குழு கேட்ட வடிவில் நிறைவேறவில்லை. எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. ஏனெனில் இது பணமில்லாததால் நின்றுபோன வேலை அன்று.

உள்விசாரணை எப்படி நடக்கும் என்பதற்கு ஷொர்ணூர் நிகழ்ந்த அடுத்த வாரமே ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. 2024 நவம்பர் 9 அன்று பீகாரின் பரௌனி சந்திப்பில், லக்னோவிலிருந்து வந்து நின்ற எக்ஸ்பிரஸ் வண்டியின் எஞ்சினைப் பெட்டியிலிருந்து கழற்றும்போது, எஞ்சின் பின்னோக்கி நகர்ந்ததால் ஒரு தொழிலாளி எஞ்சினிலும் பெட்டியிலும் அதிர்வு தாங்குவதற்காக இருக்கும் பஃபர்களுக்கு நடுவே நசுங்கி இறந்தார். நின்ற நிலையிலேயே சிக்கியிருந்த அவர் உடலின் படம் நாடு முழுவதும் பரவியது. ரயில்வேயில் இப்படி ஒன்று நடந்தால் அங்கிருக்கும் மேற்பார்வையாளர்கள் சேர்ந்து சில மணி நேரத்துக்குள் 'ஜாயின்ட் நோட்' என்ற முதல்நிலைக் குறிப்பில் கையெழுத்திடுவார்கள். பரௌனியில் எழுதப்பட்ட குறிப்பு, எஞ்சினை இணைக்கும், கழற்றும் வேலை செய்யும் இரு பாயின்ட்ஸ்மேன்களுக்கு இடையே ஒருங்கிணைப்பு இல்லாததைக் காரணமாகக் காட்டியதாகச் செய்திகள் வந்தன. இறந்தவரும் அவர் பக்கத்தில் நின்றவரும்தான் அந்த இருவர். எஞ்சினையும் பெட்டிகளையும் நகர்த்திச் சேர்த்துப் பிரிக்கும் ஷண்டிங் வேலையைக் கண்காணிக்க உரிய அதிகாரி அங்கே இருந்தாரா, அந்த நிலையத்தில் அந்தப் பணியிடங்கள் நிரப்பப்பட்டிருந்தனவா, நேரத்துக்குள் எஞ்சினைக் கழற்று என்ற அவசரம் யாரிடமிருந்து வந்தது என்பவற்றை ஜாயின்ட் நோட் கேட்பதில்லை. கேட்கவும் முடியாது, அதில் கையெழுத்திடுபவர்கள் அதே நிர்வாகத்தின் கீழ் மறுநாளும் வேலைக்கு வர வேண்டியவர்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் குறிப்பையே முடிவான உண்மையாக நடத்துவதுதான் பிழை.

தொழிலாளியின் கவனக்குறைவு என்ற முதல் அறிக்கை எப்படி உடைபடும் என்பதற்குத் தென்கொரியாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2016 மே 28 அன்று சியோல் நகரின் கூயி மெட்ரோ நிலையத்தில், நடைமேடை விளிம்பின் தானியங்கிக் கண்ணாடிக் கதவைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த 19 வயது இளைஞர், நிலையத்துக்குள் வந்த ரயிலுக்கும் கதவுக்கும் நடுவே சிக்கி இறந்தார். மறுநாள் அவருக்குப் பிறந்தநாள். மெட்ரோ நிறுவனம் முதலில் சொன்னது, இருவராகச் சென்று வேலை செய்ய வேண்டும் என்ற விதியை அவர் மீறினார் என்பதே. ஆனால் அவருடைய பையைத் திறந்தபோது ஸ்பேனர்களோடும் திருப்புளிகளோடும், பிரிக்கப்படாத ஒரு கப் நூடுல்சும் ஒரு ஸ்பூனும் மரக்குச்சிகளும் இருந்தன. உட்கார்ந்து உண்ண நேரமில்லாத வேலை அது என்பதை நகரமே அந்தப் பையிலிருந்து புரிந்துகொண்டது. கதவு பழுது என்று தகவல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை. அந்த வேகத்துக்கும், இருவராகப் போக வேண்டும் என்ற விதிக்கும் போதுமான ஆட்கள் துணை ஒப்பந்த நிறுவனத்திடம் இல்லை. தனியாளாகச் சென்ற வேலைகளும் காகிதத்தில் இருவர் சென்றதாகவே எழுதப்பட்டன. இதே போன்ற மரணம் 2013-ல் சொங்சு நிலையத்திலும் 2015-ல் கங்னம் நிலையத்திலும் ஏற்கெனவே நடந்திருந்தது. ஒவ்வொரு முறையும் இருவர் விதி காகிதத்தில் அழுத்தமாக எழுதப்பட்டது. அதை நிறைவேற்றும் ஆள்பலம் மட்டும் தரப்படவில்லை.

மக்கள் அந்தக் கதவில் ஆயிரக்கணக்கான சிறு குறிப்புச் சீட்டுகளை ஒட்டினார்கள். பூக்களோடு கப் நூடுல்சும் சோறும் வைத்தார்கள். இந்தத் துக்கம் அழுகையோடு நின்றுவிடவில்லை. நகர மேயர் மன்னிப்புக் கேட்டார், வெளியாட்கள் இடம்பெற்ற உண்மையறியும் குழு அமைக்கப்பட்டது, உயிரோடு தொடர்புள்ள பராமரிப்புப் பணிகள் துணை ஒப்பந்தத்திலிருந்து நேரடிப் பணிக்கு மாற்றப்பட்டன. நீதிமன்றத்தில் துணை ஒப்பந்த நிறுவனத்தின் தலைவர் தண்டனை பெற்றதோடு மெட்ரோவின் முன்னாள் தலைவருக்கும் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத் தொகை மிகச் சிறியது. ஆனால் குற்றம் ஒப்பந்ததாரரின் வாசலில் நின்றுவிடாமல் வேலையைக் கொடுத்தவர் வரை சென்றது. 2018-ல் தேயான் அனல்மின் நிலையத்தில் மற்றோர் இளம் துணை ஒப்பந்தத் தொழிலாளி இறந்த பிறகு எழுந்த போராட்டங்களும் சேர்ந்து, 2022 ஜனவரி 27 முதல் நடைமுறைக்கு வந்த கடும் விபத்துத் தண்டனைச் சட்டத்துக்கு வழிவகுத்தன. பாதுகாப்புக் கடமையைச் செய்யாததால் தொழிலாளி இறந்தால் நிறுவனத்தின் மேல்மட்ட நிர்வாகிக்கே ஓராண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது. சட்டம் வந்துவிட்டால் மரணம் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் அதே நாட்டின் சொங்டோ அருகே பாதையோரம் நடந்து சென்ற பராமரிப்புக் குழுவின் மீது ரயில் மோதி இருவர் இறந்தனர். ஆயினும் அடுத்த சில நாட்களுக்குள் ரயில்வே கழகத்தின் தலைவர் பதவி விலக முன்வந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பிரிட்டனின் அனுபவம் வேறு வகையானது, ஆனால் நமக்கு இன்னும் அருகில் வருவது. 2019 ஜூலை 3 அன்று வேல்ஸ் நாட்டின் மார்கம் சந்திப்பில் பாதைத் தொழிலாளர் இருவர் பயணிகள் ரயில் மோதி இறந்தனர். ரயில் விபத்து விசாரணைப் பிரிவு என்ற தன்னாட்சி அமைப்பு அதை விசாரித்து 2020 நவம்பரில் முழு அறிக்கையை வெளியிட்டது. 1999-ல் லண்டனின் லாட்புரோக் குரோவ் மோதலில் 31 பேர் இறந்த பிறகு நடந்த பொது விசாரணையின் பரிந்துரையால் உருவான அமைப்பு இது. யாரையும் குற்றவாளியாக்குவது அதன் வேலை அன்று. ஏன் நடந்தது என்பதை மட்டும் அது எழுதும். எழுதியதை எவரும் இணையத்தில் படிக்கலாம். ரயில்கள் ஓடும் பாதையில் முறையாக நியமிக்கப்பட்ட எச்சரிக்கையாளர் எவருமில்லாமல் வேலை நடந்தது, இரைச்சல் மிகுந்த கருவியால் அவர்கள் காதுக்கவசம் அணிந்திருந்தார்கள், காலையில் திட்டமிட்ட பாதுகாப்பு ஏற்பாடு கைவிடப்பட்டுப் படிப்படியாக நிலைமை மோசமானது என்றெல்லாம் அறிக்கை விவரிக்கிறது. இதோடு நின்றிருந்தால் அதுவும் தொழிலாளர் தவறு என்ற அறிக்கையாகவே முடிந்திருக்கும். அது அடுத்த படிக்கும் ஏறியது: ஓடும் ரயில்களிலிருந்து பாதைத் தொழிலாளரைக் காப்பதில் பாதையை நிர்வகிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனம் பல ஆண்டுகளாகப் போதிய அக்கறை காட்டவில்லை என்று பெயர் சொல்லி எழுதியது. ரயில் ஒழுங்குமுறை அமைப்பு விபத்து நடந்த அதே மாதத்தில் திருத்த நோட்டீசுகள் கொடுத்தது. ஓடும் பாதையில் ஆள் நின்று கண்ணால் பார்த்துக் குரல் கொடுக்கும் பழைய முறை அடுத்த சில ஆண்டுகளில் பெருமளவு கைவிடப்பட்டது. 2025-ல் ஸ்வான்சீ நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு 37.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

அரசு நிறுவனத்துக்கு அபராதம் போட்டால் அது மக்கள் பணம்தானே என்ற நியாயமான ஆட்சேபம் உண்டு. தீர்ப்பு வர ஏறக்குறைய ஆறாண்டு ஆனது என்பதும் குறைதான். என் கணிப்பில் அபராதத்தைவிட வெளியிடப்பட்ட அறிக்கைக்கே மதிப்பு அதிகம். அடுத்த ஊரில் அதே வேலையைச் செய்யும் குழுவின் தலைவரான மேட், தன் குழுவைப் பாதைக்குள் இறக்கும் முன் அதைப் படிக்க முடியும். தொழிற்சங்கம் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேச முடியும். இறந்தவரின் மகன் தன் தந்தை ஏன் இறந்தார் என்பதை அதிகாரியின் வாய்மொழியாக அல்லாமல் எழுத்தில் அறிய முடியும். நம் ஊரில் பாதுகாப்புக் கருவி இல்லாமல் இல்லை. வண்டி வருவதைப் பாதையை நடந்து சோதிக்கும் கீமேனுக்கு ஒலியாலும் அதிர்வாலும் அறிவிக்கும் 'ரக்‌ஷக்' கருவியை ரயில்வேயே பேசிவருகிறது. எந்த ரயில்வே கோட்டத்தில் எத்தனை பேர் கையில் அது இருக்கிறது, இறந்தவர் கையில் இருந்ததா என்பதை விசாரணை அறிக்கை வெளியானால்தான் நாம் தெரிந்துகொள்ள முடியும்.

இனி குடும்பத்துக்கு நேரடியாக உதவும் விஷயத்துக்கு வருகிறேன். ஷொர்ணூர் நிகழ்ந்தபோது நடைமுறையில் இருந்தது 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். அதன் 12-ஆம் பிரிவின்படி, தன் வழக்கமான தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்ததாரரிடம் விடும் முதன்மை நிறுவனமே தொழிலாளிக்கு இழப்பீடு தரக் கடமைப்பட்டது. தந்த பிறகு அதை ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஒப்பந்ததாரர் ஓடிவிட்டார், திவாலாகிவிட்டார் என்பது குடும்பத்தின் கவலையாக இருக்கத் தேவையில்லை என்பதே இதன் பொருள். பாலத்தில் நடந்தது அவர்கள் தவறு என்ற வாதத்துக்கும் அச்சட்டத்திலேயே பதில் இருக்கிறது. தொழிலாளி வேண்டுமென்றே விதியை மீறினார் என்ற காரணம் காயங்களுக்கு இழப்பீட்டை மறுக்கப் பயன்படலாம். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அதைச் சொல்லி மறுக்க 3-ஆம் பிரிவு அனுமதிக்கவில்லை. அதிகாரிகள் அந்த வாதத்தை ஊடகத்தில் அவசரமாகச் சொல்வது சட்டப் பயனுக்காக அன்று, பொதுக் கருத்தை ஆற்றுவதற்காக என்பதைக் குடும்பங்கள் உணர வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் முதன்மை நிறுவனத்தின் இந்தக் கடமையைத் தக்கவைத்திருக்கிறது.

தொகை எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் முதலில் கையில் கிடைக்கும் கருணைத் தொகையையே பலர் முழு இழப்பீடு என்று எண்ணிவிடுகிறார்கள். 1923 சட்டத்தின் கணக்கு, மாத ஊதியத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்குவதாக இருந்தது. கணக்கில் எடுக்கும் ஊதியத்தின் உச்சவரம்பு அச்சட்டத்தின் கீழ் 2020 முதல் 15,000 ரூபாயாக இருந்தது. 40 வயதுக்கான காரணி 184.17. ஆகவே அந்த வயதில் 15,000 ஊதியம் பெற்றவர் இறந்தால் 7,500 ரூபாயை 184.17-ஆல் பெருக்கிய 13,81,275 ரூபாய் குடும்பத்துக்கு வர வேண்டும். கருணைத் தொகை இதிலிருந்து வேறானது. மரண இழப்பீட்டை நிறுவனம் நேரடியாகக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளவும் முடியாது. இழப்பீட்டு ஆணையரிடம் செலுத்த வேண்டும், அவர் வாரிசுகளுக்குப் பிரித்துத் தருவார். ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் வட்டி உண்டு, காரணமின்றி இழுத்தடித்தால் தண்டத்தொகையும் சேரும்.

மற்றவர்களான நாம் செய்யக்கூடியது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே இருக்கிறது. விபத்து நடந்த ரயில்வே கோட்டத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்து, விசாரணை அறிக்கையின் நகல், அன்றைய பிளாக் (வேலைக்காகப் பாதையில் ரயில்களை நிறுத்திவைக்கும் அனுமதி) அல்லது காஷன் ஆர்டர் பதிவேட்டின் நகல், ஒப்பந்தத்தின் பாதுகாப்பு நிபந்தனைகள் உள்ள பக்கங்கள், பணியாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தந்ததற்கான வருகைப் பதிவு, மேற்பார்வைக்கு நியமிக்கப்பட்ட ஊழியரின் பதவி ஆகியவற்றைக் கேளுங்கள். 'ஏன் நடந்தது' என்று கேட்டால் விளக்கம் தரக் கடமையில்லை என்று தட்டிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படித் தட்டிவிட முடியாது. காவல்துறை விசாரணை நடக்கிறது என்பதால் தர இயலாது என்று பதில் வந்தால், வெறுமனே விசாரணை நிலுவையில் இருப்பது போதாது, தகவலைத் தருவது விசாரணையை எப்படித் தடுக்கும் என்பதைக் காட்ட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2007-ல் சொன்ன நிலைப்பாட்டை முதல் மேல்முறையீட்டில் எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்; வராவிட்டாலும் மறுத்தாலும் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். ரயில்வே பாதுகாப்பு ஆணையருக்கு, 114-ஆம் பிரிவு தரும் விருப்ப அதிகாரத்தைப் பயன்படுத்தி விசாரிக்கும்படி தொழிற்சங்கமோ மக்கள் பிரதிநிதியோ எழுத்துமூலம் கோரலாம். அவர் மறுத்தால் அந்த மறுப்பும் ஓர் ஆவணமாகும். தேசிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிடுவதென்றால் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். ஷொர்ணூர் போல வெளிமாநிலத்தில் நடந்த விபத்து என்றால், குடும்பம் ஊர் திரும்புவதற்கு முன்பே பிரேதப் பரிசோதனை அறிக்கை, முதல் தகவல் அறிக்கை, ஊதியம் பெற்றதற்கான ஏதாவது ஒரு சான்று ஆகியவற்றின் நகல்களை வாங்கிவைப்பது அவசியம். பிறகு அவற்றுக்காக மீண்டும் மீண்டும் அலைவது கூலி வேலை செய்யும் குடும்பத்தால் ஆகாது. அந்த நகல்களோடு, குடும்பம் குடியிருக்கும் பகுதியின் இழப்பீட்டு ஆணையரிடமே மனு கொடுக்கலாம், வெளிமாநிலத்துக்குப் போக வேண்டியதில்லை.